ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்கு

ஆய்வுக்கூடத்தில் ஒரு செய்முறை வெற்றி பெறுவது தொழில் வளர்ச்சியின் முதற்படியே ஆகும். ஆலையில் நாள்தோறும், மாறாத தரத்துடன், கட்டுப்படியாகும் செலவில் அது நடைபெறும்போதுதான் நாட்டுக்குப் பயன் விளைகிறது. இந்த இடைவெளியைக் கடப்பதே தொழில்நுட்பப் பரிமாற்றம். இப்பணிக்கென்றே 1953இல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது.

எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரித்த வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். பசும்பாலில் ஏறத்தாழ 4 சதவீதமாக உள்ள கொழுப்பு எருமைப் பாலில் ஏறத்தாழ 7 சதவீதம். மேலும், குழந்தையின் வயிற்றில் அது கெட்டியாகத் திரைகிறது. 1950களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இக்குறைகளை நீக்கும் செய்முறையை உருவாக்கியது. 1960களின் தொடக்கத்தில் ஆனந்திலுள்ள கெய்ரா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம் இவ்வுணவைப் பேரளவில் உற்பத்தி செய்யலாயிற்று. அச்சங்கம் 1955 முதலே எச். எம். தலாயாவின் முயற்சியால் எருமைப் பாலைத் தெளிப்பு முறையில் உலர்த்தி மாவாக்கும் திறன் பெற்றிருந்தது. பெறுவோரிடம் ஏற்கும் திறன் இருத்தல் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முதற் கொள்கை.

இரண்டாவது, அளவு பெருகும்போது செய்முறையின் இயல்பும் மாறும். ஒரு கலத்தின் நீள, அகல, உயரங்களைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு 1000 மடங்காகிறது. வெப்பம் கடக்கும் பரப்போ 100 மடங்கே ஆகிறது. லிட்டர் ஒன்றுக்குரிய பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், சூடாக்கவும் குளிர்விக்கவும் கூடுதல் நேரம் பிடிக்கும். பாலின் தன்மை இதனால் கெடக்கூடும். எனவே முன்னோடி ஆலை என்னும் இடைப்படியைத் தவிர்த்தலாகாது.

மூன்றாவது, மூலப்பொருள் பற்றியது. ஆய்வுக்கூடம் தேர்ந்த பாலைப் பயன்படுத்தலாம். ஆலைக்கோ பல கிராமங்களின் பால் வருகிறது. பருவத்துக்கேற்ப அதன் கொழுப்பும் மாறும். எவ்வளவு வேறுபாட்டைச் செய்முறை தாங்கும் என்னும் எல்லைகளை முன்னரே வரையறுத்தல் வேண்டும்.

நான்காவது, செய்முறைக் குறிப்பில் 'என்ன செய்வது' என்பதோடு 'ஏன்' என்பதும் இடம்பெற வேண்டும். காரணம் அறியாத பணியாளர், நேரம் மிச்சமாகும் என்று கருதி இன்றியமையாத படியையே விட்டுவிடக்கூடும். ஏட்டில் அடங்காத பட்டறிவு ஆட்கள் வழியே செல்கிறது. ஆகவே ஆலைப் பொறியாளர் ஆய்வுக்கூடத்திலும், ஆய்வாளர் ஆலையிலும் சில காலம் பணியாற்றுதல் நலம்.

ஐந்தாவது, பரிமாற்றம் எப்போது நிறைவடைந்தது என்பதற்கு அளவுகோல் வேண்டும். இரு தரப்பும் ஒரே சோதனை முறையைக் கையாண்டு, தொடர்ந்து எத்தனை தொகுதிகள் குறித்த தரத்தில் அமைய வேண்டும் என முன்னதாகவே உடன்படுதல் முறையாகும்.

உரிம ஒப்பந்தம் கையெழுத்தானதும் கோப்பை மூடிவிடும் வழக்கம் இக்கொள்கைகளுக்கு முரணானது. ஆய்வுக்கூடத்தில் நேரும் பிழை ஒரு குடுவையோடு முடியும். ஆலையில் நேரும் பிழையோ எண்ணற்ற குழந்தைகளைச் சென்றடையும். ஆதலின் தரமான உற்பத்தி நிலைபெறும்வரை பொறுப்பு இரு தரப்புக்கும் உரியதே.