அந்த நீண்ட வரி எதற்கு?

கேள்வி: எங்கள் ஊரில் இணைய வேகம் மிகக் குறைவு. இரவெல்லாம் காத்திருந்து இறக்கிய பெரிய கோப்பு, காலையில் திறந்தால் பழுதென்று நின்றுவிடுகிறது. பதிவிறக்கும் இடத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி காணப்படுகிறதே, அது எதற்கு? அவ்வழக்கம் எப்படி வந்தது?

பதில்: அனுப்பியது அப்படியே வந்து சேர்ந்ததா என்னும் சந்தேகம் தந்திக் காலத்திலேயே உண்டு, சொற்களை எண்ணிச் சரிபார்த்த பிறகே தந்தியை ஒப்புக்கொள்வார்கள். வீட்டுக் கணினிகளுக்கு அதே பரீட்சையைக் கொண்டுவந்தவர், சிக்காகோ வட்டாரத்தவரான வார்ட் கிறிஸ்டென்சன். இரைச்சல் மிகுந்த தொலைபேசிக் கம்பி வழியே கோப்பு அனுப்புவதற்கென்று 1977-இல் அவர் எழுதி, யாரும் விலையின்றி உபயோகித்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்ட நிரலின் முறையே, பிற்பாடு எக்ஸ்மோடம் என்ற பெயரில் உலகெங்கும் பரவிற்று.

கோப்பை 128 பைட் கொண்ட துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் அதன் வரிசை எண்ணை இட்டு, அந்த 128 பைட்களின் எண்மதிப்புகளையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் வரும் மீதியை வாலில் சேர்த்து அனுப்புவது அவருடைய யுக்தி. பெறுகிற கணினி தானும் கூட்டிப் பார்க்கும்; மீதி ஒத்துவந்தால் அடுத்ததைக் கேட்கும், ஒவ்வாவிட்டால் அதே துண்டை மறுபடி கேட்கும். வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்தே நகர்ந்த அக்காலத்தில், கெட்டுப்போன துண்டை மாத்திரம் திரும்ப வாங்கினால் போதும் என்பது எத்தனை பெரிய உபகாரம்! ஆனால் வெறும் கூட்டலுக்கு ஒரு குறை உண்டு: இரண்டு எண்கள் தம்முள் இடம் மாறிவிட்டால் கூட்டுத்தொகை அதைக் காட்டிக்கொடுக்காது.

அக்குறை நீங்கிய பரீட்சையே நீங்கள் கண்ட வரி. ரொனால்ட் ரிவெஸ்ட் வகுத்து 1992-இல் வெளியான எம்.டி.5, எவ்வளவு பெரிய கோப்பையும் 32 குறிகளாகச் சுருக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் வரியே உருமாறிவிடும். வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே வரி வரச்செய்ய முடியும் என்று சீனக் கணித அறிஞர் சியாவ்யுன் வாங் குழுவினர் 2004-இல் நிரூபித்த பின்னர், 64 குறிகள் கொண்ட எஸ்.எச்.ஏ.-256 அந்த ஸ்தானத்தைப் பெற்றது. அதைக் கணக்கிடும் சிறு நிரல் விண்டோஸிலும் லினக்ஸிலும் கூடவே வருகிறது; அது தரும் வரியைப் பதிவிறக்கும் இடத்திலுள்ள வரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

இனி உங்கள் கோப்பு. முதலில் அதன் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது. விட்ட இடத்திலிருந்து கேட்டு வாங்கும் வசதி 1997 முதல் இணைய விதிகளிலேயே இருக்கிறது, ஆகையால் தொடர்ந்து இறக்கவல்ல நிரலைக் கொண்டு மிச்சத்தை வாங்கிவிடலாம். அளவு சரியாயிருந்தும் வரி ஒவ்வாவிட்டால் பழுது உள்ளே எங்கோ இருக்கிறது, தொடர்ந்து இறக்குவதால் பயனில்லை. அக்கோப்பு டொரண்ட் வழியிலும் கிடைக்குமானால், கெட்ட கோப்பையே டொரண்ட் நிரலிடம் காட்டி மறுபரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பிராம் கோஹென் 2001-இல் வெளியிட்ட அம்முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்க்கும் வரி தனியே உண்டாதலால், பழுதான துண்டுகள் மாத்திரமே மறுபடி வந்து சேரும்.

பெரிய கோப்புகளை வெளியிடுகிறவர்கள் சரிபார்க்கும் வரி, டொரண்ட் வழி ஆகிய இவ்விரண்டு வசதிகளையும் தவறாமல் தர வேண்டும். மெதுவான இணைப்பை நம்பியிருப்பவர்களின் சார்பில் இதை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.