சிரிப்பின் இருமுகம்

சமூகத்தின் குறைகளைச் சுட்டுவதற்கு எள்ளல் சிறந்த கருவி. ஆயினும், அதன் பயன் காண்போரைப் பொறுத்தே அமைகிறது. இதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று சான்றாகும். நார்மன் லியர் உருவாக்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ 1971ஆம் ஆண்டு ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. பிரிட்டனில் வெளிவந்த ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்னும் தொடரே அதற்கு முன்மாதிரி.

கதைத்தலைவர் ஆர்ச்சி பங்கர், நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழும் தொழிலாளி. அவர் கறுப்பினத்தவரையும் யூதரையும் இழித்துப் பேசுவார். மருமகன் மைக்கேல் அவரோடு வாதிடுவார். மனைவி ஈடித்தின் கள்ளமற்ற சொற்கள் அவரது பேச்சின் வெறுமையை வெளிப்படுத்தும். அதேவேளையில், வேலையிழக்கும் அச்சமும் விலைவாசி உயர்வும் அக்குடும்பத்தை வருத்துவதையும் தொடர் காட்டியது. அதனால் ஆர்ச்சி வெறும் கொடியவராகத் தோன்றவில்லை. மாறிவரும் உலகைக் கண்டு அஞ்சும் எளிய மனிதராகவும் தோன்றினார்.

வெறுப்பை நகைப்புக்குள்ளாக்குவதே படைப்பாளரின் நோக்கம். ஆனால், விட்மர், ரோக்கீச் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றை உணர்த்தியது. இனவெறுப்பு மிகுந்த பார்வையாளர்கள் மைக்கேலைவிட ஆர்ச்சியையே போற்றும் போக்குடையவராக இருந்தனர். ஒரே காட்சியில் சிலர் அறியாமையைக் கண்டு சிரித்தனர். சிலர் அதனோடு சேர்ந்து சிரித்தனர். எதற்காகச் சிரிக்கிறோம் என்று பார்வையாளர் தம்மையே வினவும்போதுதான் எள்ளல் பயன் தருகிறது.