மார்பகப் புற்றுநோயும் கண் பார்வையும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுச் சுகமடைந்த ஒருவருக்கு, சில வருடங்களின் பின் ஒரு கண்ணின் பார்வை மங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. வயது போகிறது, கண்ணாடியை மாற்றினால் சரி என்றே வீட்டார் எண்ணுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சரியாக இராத சில சந்தர்ப்பங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

விழித்திரைக்குப் பின்னால் கொரோயிட் என்னும் இரத்தக்குழாய்ப் படலம் உண்டு. கண்ணுக்கு வரும் இரத்தத்தின் பெரும்பங்கு இதற்கே செல்கிறது. ஆகவே இரத்தத்தோடு வரும் புற்றுநோய்க் கலங்கள் கண்ணில் தங்குமானால் அநேகமாக இங்கேதான் தங்கும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் வில்ஸ் கண் வைத்தியசாலை நிபுணர்கள், கண்ணுக்குள் நோய் பரவிய 420 பேரைப் பற்றிய ஆய்வொன்றை 1997இல் வெளியிட்டார்கள். 47 வீதமானோருக்கு நோய் மார்பகத்திலிருந்தும், 21 வீதமானோருக்கு நுரையீரலிலிருந்தும் வந்திருந்தது. நுரையீரல் நோயாளர் பலருக்கு, கண்ணைச் சோதித்த பின்னரே புற்றுநோய் இருப்பது தெரியவரும். மார்பகப் புற்றுநோயில் அப்படியல்ல. முன்னைய நோய் அநேகமாக அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தே இருக்கும். கண்ணைப் பார்ப்பவருக்குத்தான் தெரியாது.

எங்கள் சமூகத்தில் இந்நோயின் பெயரை உரத்துச் சொல்வதில்லை. மகளுக்குக் கலியாணம் பேசும் காலமென்றால் சொந்தச் சகோதரங்களுக்கே மறைப்பார்கள். மொழிபெயர்க்க மகனைக் கூட்டிப்போகும் தாய், அவன் முன்னிலையில் மார்பகத்தைப் பற்றிப் பேசக் கூசுவார். ஒப்டிசியன் கண்ணாடிக்கு மட்டும் அளவெடுத்து அனுப்பிவிடுவார். ஆனால் முன்னைய நோயைக் கேட்டறிந்த வைத்தியர், கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டு உள்ளே முழுவதையும் பார்ப்பார்.

கதவு நிலை போன்ற நேர்கோடுகள் வளைந்து தெரிதல், மின்னல் வெட்டுவது போலிருத்தல், கரும்புள்ளிகள் மிதத்தல், பார்வையின் ஒரு பக்கம் நிழல் விழுதல் ஆகியனவும் கவனிக்க வேண்டியவை. கட்டியைச் சுற்றி நீர் கசிந்து விழித்திரையை உயர்த்துவதால் இவை ஏற்படலாம். நோய் கண்குழிக்குப் பரவினால் இரட்டைப் பார்வை வரலாம். சிலருக்குக் கண் பிதுங்குவதற்குப் பதிலாக உட்குழிவதும் உண்டு.

கண்ணின் பின்புறம் மஞ்சள் நிறக் கட்டி தெரிந்தால், அல்ட்ராசவுண்ட், ஓ.சி.ரி. முதலிய சோதனைகளால் அதன் தடிப்பையும் நீர்க்கசிவையும் அளப்பார்கள். மற்றக் கண்ணையும் பார்ப்பது அவசியம். மார்பக நோய் இரு கண்களிலும் காணப்படுவதுண்டு. மூளைக்கு எம்.ஆர்.ஐ., உடலுக்கு ஸ்கேன் ஆகியனவும் எடுப்பார்கள். கட்டியில் ஊசிமூலம் மாதிரி எடுப்பது எல்லோருக்கும் தேவைப்படாது.

கண்ணை எடுத்துவிடுவார்களோ என்பதே பலரின் முதற் பயம். அது மிக அரிது. பார்வைக்கு உடனடி ஆபத்து இல்லையெனில், உடல் முழுவதற்கும் கொடுக்கும் ஹோர்மோன் மாத்திரை, கீமோ அல்லது நோயின் வகைக்கேற்ற வேறு மருந்துகளே கண் கட்டியையும் சுருக்கக்கூடும். பார்வை குறைந்துகொண்டு போனால் கதிர்ச் சிகிச்சை கொடுப்பார்கள்: சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரங்களில், 30 முதல் 40 கிரே வரை. பின்னர் கண் வறட்சியும் கற்புரையும் வரலாம். இவ்வளவு பரவிய நோயை முற்றாக மாற்றுவது அரிது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் பலர் இதனுடன் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்த வருடங்களில் பேரப்பிள்ளையின் முகம் தெரிவது சின்ன விடயமல்ல.

தமொக்சிபென் மாத்திரையும் அரிதாக விழித்திரையைப் பாதிப்பதுண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவேண்டாம், வைத்தியரைக் கேளுங்கள்.

பார்வையில் மாற்றம் கண்டால், அடுத்த வருடாந்தச் சோதனை வரை காத்திராமல் புற்றுநோய்ப் பிரிவுக்கும் கண் வைத்தியருக்கும் அறிவியுங்கள். எந்த ஆண்டு, எந்த மார்பகம், என்ன சிகிச்சை என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினால் போதும். வாயால் சொல்லத் தேவையில்லை. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டுப்பாருங்கள். துளிமருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். ஆகையால் அன்றைக்குக் கார் ஓட்டிப் போகவேண்டாம்.