மலைப்பள்ளிக்கு வந்திருக்கும் ஆங்கில ஆசிரியருக்கு

அன்புள்ள தம்பி,

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த கையோடு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கெட், புட், டேக், லுக் என்று ஒரு சின்ன வினை. அதன் பின்னால் அப், ஆஃப், ஆன், அவுட் என்று ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னச் சொல். இரண்டும் சேர்ந்ததும் பொருள் எங்கோ போய்விடுகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், மறுவாரம் மறந்துவிடுகிறார்கள். நல்ல பட்டியலாக ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் போல இந்த மலைக்குப் புதிதாக வேலைக்கு வரும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பட்டியல் அனுப்ப எனக்கு மனமில்லை. பிள்ளைகள் ஃப்ரேசல் வெர்ப் என்னும் இந்தக் கூட்டு வினைகளை வெறுப்பதற்குப் பட்டியல்தான் முதல் காரணம். ‘லுக்’ என்று தலைப்பிட்டு, லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு, லுக் அப் என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதிவிட்டால், ஒரே முகம் கொண்ட பத்துப் பேரை ஒரே நாளில் அறிமுகப்படுத்தியது போலாகிறது. யார் யார் என்று பிள்ளைக்குப் பிடிபடுவதில்லை.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிரமம் என்று நினைத்துவிடாதீர்கள். 1755-இல் தன் பெரிய அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, வெளிநாட்டாருக்கு ஆங்கிலத்தில் மிகவும் கடினமாக இருப்பது இந்தக் கூட்டு வினைகள்தான் என்று சொல்லி, அவற்றைக் கவனமாகத் தொகுத்துக் கொடுத்தார். 1930-இல் சி. கே. ஆக்டன் என்பவர் உலகத்தார் எளிதில் கற்பதற்கென்று 850 சொற்களில் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று ஒன்றை உருவாக்கினார். அதில் வினைச்சொற்கள் 18 மட்டுமே. மற்ற வேலைகளையெல்லாம் கெட், புட், கோ, டேக் போன்றவற்றோடு அப், ஆஃப், அவுட் சேர்த்தே முடிக்க வேண்டும். சொற்கள் குறைந்தன, ஆனால் அந்தச் சேர்க்கைகளைக் கற்கும் பாரம் கற்பவர் தலைமேல் ஏறியது. சின்னச் சொல் என்பதால் சுலபம் என்று வகுப்பில் ஒருபோதும் சொல்லாதீர்கள். அது சுலபமாக வராத பிள்ளை தன்னையே மட்டமாக நினைத்துக்கொள்ளும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் தொகுப்பை அலசி, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் வந்த ஃப்ரேசல் வெர்புகளில் பாதிக்கு மேல், வெறும் 20 வினைகளும் 8 துணைச்சொற்களும் சேர்ந்து உண்டாக்கியவை. ஆயிரக்கணக்கில் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களே எச்சரிக்கவும் செய்தார்கள்: அதிகம் புழங்கும் முதல் நூறு சேர்க்கைகளுக்கு மட்டும் 559 பொருள்கள். 2015-இல் கார்னியே, ஷ்மிட் இருவரும் 150 சேர்க்கைகளை எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் அடிக்கடி வருபவை சராசரியாக இரண்டு பொருள்கள்தான் என்று தெரிந்தது. ஆகவே குறைவாகத் தேர்ந்தெடுங்கள். எடுத்ததை விடாமல் புழங்கவிடுங்கள்.

நம் பிள்ளைகள் இவற்றிலிருந்து நழுவுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘கம் பேக்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ரிட்டர்ன்’ என்பார்கள். ‘புட் ஆஃப்’ இடத்தில் ‘போஸ்ட்போன்’. ‘ஃபைன்ட் அவுட்’ இடத்தில் ‘டிஸ்கவர்’. தப்பில்லை, ஆனால் புத்தக வாடை. 1985-இல் ஹீப்ரு பேசும் மாணவர்களிடம் ஆய்வு செய்தவர்களும் இதையே கண்டார்கள். தங்கள் மொழியில் இப்படி ஓர் அமைப்பு இல்லாததால், அவர்கள் தெரிந்தே ஒற்றைச் சொல்லின் பக்கம் ஒதுங்கினார்கள். 1993-இல் ஸ்வீடிஷ் பேசும் மாணவர்களைப் பார்த்தபோது அந்த ஒதுங்கல் இல்லை. அவர்கள் மொழியிலேயே அப்படிப்பட்ட வினைகள் இருந்தன.

தமிழ் இதில் எந்தப் பக்கம்? இங்கேதான், தம்பி, நீங்கள் துணிந்து தமிழை வகுப்புக்குள் கூப்பிட வேண்டும். ‘எடு’ என்ற ஒரு வினையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எடுத்துக்கொள், எடுத்துவை, எடுத்துப்போடு, எடுத்துவிடு, எடுத்துக்கொடு என்று அவர்களே அடுக்குவார்கள். ‘எடுத்துக்கொள்’ளுக்கும் ‘எடுத்துவை’க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இலக்கணப் பெயர் தெரியாமலே நடித்துக் காட்டுவார்கள். ஒரு சின்ன வினை, பின்னால் வருவதைப் பொறுத்துப் பொருள் மாறும் என்ற நுட்பம் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் பின்னால் இன்னொரு வினையை வைக்கிறோம், ஆங்கிலம் திசை காட்டும் ஒரு சொல்லை வைக்கிறது என்று மட்டும் காட்டிவிடுங்கள். ‘யூஸ் அப்’ என்றால் ‘தீர்த்துவிடு’ என்று அவர்களே சொல்வார்கள். அந்த ‘அப்’ செய்கிற வேலை மேலே போவதல்ல, முடித்துவிடுவது என்று அவர்களுக்கே பிடிபடும்.

படுகு பேசும் பிள்ளை இருந்தால் அவன் மொழியிலும், கோத்தர் வீட்டுப் பிள்ளை இருந்தால் அவள் மொழியிலும் சொல்லச் சொல்லுங்கள். டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்கள் வீட்டுத் தமிழுக்கும் வகுப்பில் இடம் கொடுங்கள். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிய மர்ரே எமனோ என்ற மொழியியலாளர், இதே நீலகிரியில் தோடர், கோத்தர், படுகர் மொழிகளைக் கற்றார். கோத்தர் சொன்ன கதைகளையும் தோடர் பாடிய பாட்டுகளையும் முழுமுழுதாக எழுதிக்கொண்டார். இந்த மக்களின் பேச்சு உலகப் பல்கலைக்கழகங்களுக்குப் பாடமாயிற்று. அந்தப் பிள்ளைகளை ‘மொழி வராதவர்கள்’ என்று யாராவது உங்கள் எதிரில் சொன்னால், மறுத்துப் பேசுங்கள்.

இனி, வகுப்பில் செய்ய வேண்டியது. அப், டவுன் இரண்டையும் கற்பிக்க இந்த மலையைவிட நல்ல இடம் கிடையாது. இங்கே பிறந்த பிள்ளைக்கு மேட்டுப்பாளையம் போவது ‘கீழே’ போவது. அங்கே 326 மீட்டர் உயரத்தில் கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டரில் 2,203 மீட்டருக்கு ஏறி உதகையில் நிற்கிறது. ‘கோ அப்’, ‘கம் டவுன்’ இரண்டும் அவர்கள் காலுக்கே தெரிந்தவை. அங்கிருந்து ‘ஸ்லோ டவுன்’ போங்கள். கொண்டை ஊசி வளைவில் டிரைவர் செய்வது. பிறகு ‘பிரேக் டவுன்’; பஸ் நின்றுபோவது. திசையிலிருந்து பொருளுக்குப் படிப்படியாக நகர்வதுதான் முறை.

முதல் மாதத்துக்கு ‘கெட்’ ஒன்று போதும். கெட் அப், கெட் ஆன், கெட் ஆஃப், கெட் இன், கெட் அவுட், கெட் பேக். பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறினால் ‘கெட் ஆன்’, இறங்கினால் ‘கெட் ஆஃப்’. ஜீப்பிலும் ஆட்டோவிலும் ஏறினால் ‘கெட் இன்’, இறங்கினால் ‘கெட் அவுட்’. எழுந்து நடமாட முடிகிற வண்டிக்கு ஒன்று, குனிந்து உட்கார வேண்டிய வண்டிக்கு இன்னொன்று. ‘கெட் அவுட்’ என்றால் திட்டு என்று சினிமா பார்த்துப் படித்து வைத்திருப்பார்கள். ‘கெட் அவுட் ஆஃப் த ஜீப்’ என்பதில் திட்டே இல்லை என்று தெரியும்போது மொழி மீதுள்ள பயம் கொஞ்சம் கழன்றுவிடும்.

இரண்டாம் மாதம் ‘புட்’, ‘டேக்’. ஊட்டிக் குளிரில் ஸ்வெட்டரே பாடநூல். ‘புட் ஆன் யுவர் ஸ்வெட்டர்’ சரி. ‘புட் யுவர் ஸ்வெட்டர் ஆன்’ அதுவும் சரி. ஆனால் ‘இட்’ வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஆன்’. ‘புட் ஆன் இட்’ என்று சொல்லக் கூடாது. ‘டேக் இட் ஆஃப்’ அப்படியே. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்குவது ‘கெட் ஆஃப் இட்’தான், அங்கே ‘இட்’ நடுவில் வராது. இதை விதியாகச் சொல்வதற்கு முன்னால், ஸ்வெட்டரைக் கையில் கொடுத்துச் சொல்ல வையுங்கள். செய்துகொண்டே சொன்னது நாக்கில் தங்கும்.

உச்சரிப்பில் ஒன்று. ‘கெட் அப்’ என்னும்போது அழுத்தம் ‘அப்’ மேல் விழ வேண்டும். ‘லுக் அட்’ என்னும்போது ‘லுக்’ மேல். நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டையாக வாசிப்பார்கள். நீங்கள் உரக்க வாசித்துக் காட்டாமல் அது திருந்தாது. மேக்கப், செக்கப், பிக்கப் என்று நாம் அன்றாடம் சொல்பவையெல்லாம் இந்தக் குடும்பம்தான். ஆனால் பெயர்ச்சொல்லானதும் அழுத்தம் முன்னால் வந்துவிடும். இந்தச் சொற்கள் தங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று பிள்ளைகள் அறியட்டும். கூடவே, கல்லூரி முடித்ததை நாம் ‘பாஸ் அவுட்’ என்கிறோம், வெளிநாட்டுக்காரர் காதில் அது மயங்கி விழுந்ததாகக் கேட்கும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

நோட்டுப் புத்தகத்தை வினைவாரியாகப் போட வேண்டாம். ‘ஆஃப்’ என்று ஒரு பக்கம் திறந்து கெட் ஆஃப், டேக் ஆஃப், டர்ன் ஆஃப், புட் ஆஃப் எல்லாவற்றையும் அங்கே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றோடும் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். விலகுதல் என்ற இழை எல்லாவற்றிலும் ஓடுவது தானே தெரியும். நாளைத் தள்ளிப்போடும் ‘புட் ஆஃப்’ கூட அந்த இழையில் வந்து சேரும்.

தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண் கேள்வி வரும். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லித் தராதீர்கள். கோவையில் கல்லூரி வகுப்பில், குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி நேர்காணலில் எதிரே இருப்பவர் இந்தச் சின்ன வினைகளில்தான் பேசுவார். நன்றாகப் படித்த பிள்ளை அங்கே வாயடைத்து நின்றால், அறிவு குறைந்தவள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த அநியாயத்தைத் தடுக்க உங்களால் முடியும்.

மாதக் கடைசியில் கோடிட்ட இடம் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். நேற்று காலை எழுந்ததிலிருந்து வீடு திரும்பியது வரை, புத்தகத்தைப் பார்க்காமல், ஆளுக்கு ஐந்து வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். தடுக்கினால் காத்திருங்கள், இடையில் திருத்தாதீர்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளையும் ஐந்தையும் சொல்லி முடித்த பிறகு, அடுத்த வினைக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இதே வேலையைச் செய்த ஓர் ஆசிரியர்