கைப்பேசியும் மனத்துயரும்

கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் அபாயம் தெரியவரும். படகைக் கரைசேர்ப்பதோ மனிதர் கைதான். மனநலச் செயலிகளும் அத்தகையனவே.

வினா: அவற்றால் பயன் உண்டோ?

விடை: உண்டு. உறக்கத்தையும் கவலையையும் நாள்தோறும் குறித்துவைக்கலாம். மூச்சைச் சீராக்கப் பழகலாம். ஆனால் நோய் இன்னதென்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.

வினா: எதை நாடலாம்?

விடை: மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபர் 10-ல் தொலைபேசிச் சேவையாகத் தொடங்கிற்று, அதன் செயலி 2024-ல் வந்தது. 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

வினா: வீட்டில் ஒருவர், "இனி வாழ்ந்து என்ன பயன்?" என்றால்?

விடை: அதட்டாதீர்கள்; தனியே விடாதீர்கள். மனநோய் பாவமுமன்று, வெட்கமுமன்று. அருகிலிருந்து அவ்வெண்ணை அழையுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நீங்களே கூட்டிச் செல்லுங்கள்.