பழைய விளையாட்டும் பழுதில்லாப் பராமரிப்பும்

படித்து அறிந்த பாடம் மறந்து போகலாம். இழந்து அறிந்த பாடம் மறப்பதில்லை. அத்தகைய பாடம் ஒன்றையே அன்புத் தோழியர்க்கு இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1983 ஜூலை 15 அன்று ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் வேலைக்கான நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே! அக்கருவியின் தயாரிப்பு 2003-இல் நின்றுவிட்டது. அது செய்த வேலைகளை இன்றைய கணினியில் அப்படியே நடித்துக் காட்டும் நிரலே 'எமுலேட்டர்' ஆகும். பள்ளி நாடகத்தில் நம் தோழி ஒருத்தி ஔவையாராக வந்து நிற்பதில்லையா? அது போன்றதே இதுவும்.

இதனால் பயன் என்ன என்று பெற்றோர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என 2023-இல் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அழியும் ஓலைச்சுவடியைப் படியெடுப்பது போன்ற பணிக்கு எமுலேட்டர் துணை செய்கிறது.

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்காக, 'ராஸ்பெரி பை 4' என்னும் சிறு கணினியில் அத்தகைய பெட்டி ஒன்றைச் செய்தோம். பிறர் உழைப்பைக் களவாடலாகாது என்பதால், எங்களுள் இருவர் அரையாண்டு உழைத்து ஃபேமிகாமுக்கென ஒரு விளையாட்டை எழுதினர். முதல் நாள் மாலை, மணி அடித்த அவசரத்தில் பிளக்கைப் பிடுங்கினோம். மறுநாள் பெட்டி விழிக்கவில்லை. மெமரி கார்டு பழுதாகி, விளையாட்டும் போயிற்று. வேறு நகல் வைத்திருக்கவில்லை. எழுதிய தோழியர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எங்களை மிகவும் வருத்திற்று.

அன்று முதல் நாங்கள் கைக்கொள்ளும் விதிகள் இவை:

1. கார்டில் எழுத்து நடக்கும்போது மின்சாரம் நின்றால் பதிவு சிதையும். எனவே திரையில் முறைப்படி நிறுத்திய பின்னரே சுவிட்சை அணைத்தல் வேண்டும். இக்கணினிக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் மின்சாரம் தேவை. திரையில் மின்னல் குறி தோன்றினால் மின்னழுத்தம் போதவில்லை என்பது பொருள். வெப்பம் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் வேகம் குறையும். ஆதலால் காற்றோட்டம் அவசியம்.

2. விளையாட்டு தானே சேமிக்கும் பதிவு ஒருவகை. எமுலேட்டர் அந்த நொடியைப் படம்பிடித்தாற்போல் சேமிப்பது மற்றொருவகை. நிரலைப் புதுப்பித்தால் பின்னது திறக்காமல் போகலாம். முன்னதையே நம்புவோம். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வேறொரு கார்டில் நகலெடுப்போம்.

3. கண்ட்ரோலர் பொத்தானின் அடியில் கரி பூசிய ரப்பர் உண்டு. அழுத்தும்போது அது பலகையிலுள்ள இரு தடங்களை இணைக்கிறது. தூசியும் வியர்வையும் படிந்தால் இணைப்புத் தடைப்படும். கம்பியைக் கழற்றிவிட்டுத் திருகுகளை அவிழ்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் மெல்லத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் மூட வேண்டும். கரியைச் சுரண்டலாகாது.

4. தொடாமலே பாத்திரம் நகர்ந்தால் குச்சியின் உள்பாகம் தேய்ந்திருக்கலாம். அமைப்பில், சிறு அசைவைப் பொருட்படுத்தாத எல்லையைச் சற்றே கூட்டலாம். அதற்கும் அடங்காவிடில் மாற்றுவதே வழி.

5. கண்ட்ரோலர் வேலை செய்யாவிடில் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க வேண்டும்: முதலில் துளை, பிறகு கம்பி, பிறகு கண்ட்ரோலர். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் குறை எதில் என்பது விளங்காது.

தோழியர் இருவரும் மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினர். இம்முறை நாங்கள் அனைவரும் உடன் அமர்ந்தோம். இவ்வாண்டுக் கண்காட்சியில் அவ்விளையாட்டு மூன்று நாளும் தடையின்றி ஓடிற்று. அதன் நகல்கள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன.

வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. நொடியில் பிடுங்கும் கை அரையாண்டு உழைப்பை அழிக்க வல்லது. ஒரு நிமிடம் பொறுக்கும் கையோ அதைக் காக்க வல்லது. நாம் பொறுக்கும் கையாய் இருப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவியர்