காற்றில்லாக் குடியிருப்பு

1870களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், சீதபேதியால் வாடிய நோயாளி ஒருவரின் மலத்தை லோஷ் என்னும் மருத்துவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வடிவம் மாறி மாறி நகரும் அமீபாக்கள் அதில் காணப்பட்டன. பின்னாளில் எண்டமீபா ஹிஸ்டோலிடிகா எனப் பெயர் பெற்ற ஒட்டுண்ணி அதுவே. மாசுபட்ட நீரோடும் உணவோடும் உடலுள் புகும் இவ்வுயிரி, பெருங்குடலின் சுவரை அரித்துப் புண்ணாக்கும். சிலரிடத்துக் கல்லீரல்வரை சென்று சீழ்க்கட்டியை உண்டாக்கி உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

பெருங்குடலின் உள்வெளியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மனித செல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. மூலக்கூறுகளைப் பெறுகிறது, அவற்றுள் பெரும்பகுதியை ஆக்சிஜனின் துணையோடு மைட்டோகாண்ட்ரியாவே ஆக்கித்தருகிறது. அமீபாவிடமோ மைட்டோகாண்ட்ரியாவின் எச்சமாகிய மைட்டோசோம் என்னும் சிறு நுண்ணுறுப்பு மட்டுமே உண்டு. அது ஏ.டி.பி. ஆக்குவதில்லை. எனவே கிளைக்காலிசிஸ், நொதித்தல் ஆகியவற்றால் கிடைக்கும் சில ஏ.டி.பி. மூலக்கூறுகளைக் கொண்டே அது வாழ்ந்தாக வேண்டும்.

வருவாய் சிறிதாயின் செலவில் சிக்கனம் வேண்டுமன்றோ! கிளைக்காலிசிஸின் ஒரு படியில் மனித செல்லின் பாஸ்போபிரக்டோகைனேஸ் நொதி ஓர் ஏ.டி.பி.யைச் செலவிடுகிறது. அமீபாவின் நொதி அதற்கு மாற்றாகப் பைரோபாஸ்பேட்டைப் பயன்படுத்துகிறது. பைரோபாஸ்பேட் என்பது செல்லின் பிற ஆக்கவினைகளில் உடன்விளைவாகத் தோன்றுவது. கழிவைக் கொண்டு முதலைக் காக்கும் வணிகம் இது.

அடுத்த வேறுபாடு பைருவேட்டில் தோன்றுகிறது. மனித செல்லில் அதனைச் சிதைப்பது பைருவேட் டிஹைட்ரஜனேஸ். அமீபாவிலோ, மனித உடலில் காணப்படாத பைருவேட் ஃபெரிடாக்சின் ஆக்சிடோரிடக்டேஸ் என்னும் நொதி அப்பணியைச் செய்கிறது. வெளிப்படும் எலக்ட்ரான்களை ஃபெரிடாக்சின் என்னும் இரும்பு-கந்தகப் புரதம் ஏற்கிறது. இறுதியில் எத்தனாலும் அசிட்டேட்டும் கழிவாகின்றன. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் இந்நொதி செயலிழந்துவிடும்.

1960ஆம் ஆண்டளவில், டிரைக்கோமோனாஸ் என்னும் மற்றோர் ஒட்டுண்ணிக்கு எதிராகப் பயன்பாட்டுக்கு வந்த மெட்ரனிடசோல், இவ்வமைப்பையே தாக்குவழியாகக் கொள்கிறது. விழுங்கும்போது அம்மருந்து செயலற்றது. மனித செல்லுக்குள்ளும் அது புகும். எனினும் அங்கு ஆக்சிஜன் அதன் எலக்ட்ரானைக் கவர்ந்து மருந்தைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும். அமீபாவினுள் ஃபெரிடாக்சின் முதலான எலக்ட்ரான் கடத்திகள் மருந்தின் நைட்ரோ தொகுதியை ஒடுக்குகின்றன. அவ்வாறு தோன்றும் வினைமிகு மூலக்கூறுகள் அமீபாவின் டி.என்.ஏ.வையும் புரதங்களையும் சிதைக்கின்றன. ஆக்சிஜனின்றி வாழ உதவிய வழியே நஞ்சையும் சமைத்துத் தருகிறது.

ஆயினும் வயிற்றுவலி தணிந்தவுடன் மருத்துவம் நிறைவுறுவதில்லை. மெட்ரனிடசோலின் பெரும்பகுதி பெருங்குடலை அடையுமுன்னரே உறிஞ்சப்பட்டுவிடுவதால், குடலின் உள்வெளியில் எஞ்சியவை தப்பக்கூடும். ஆதலால் மருத்துவர்கள் பரோமோமைசின் போன்ற, குடலிலேயே தங்கிச் செயல்படும் மருந்தையும் தொடர்ந்து அளிக்கின்றனர். அதனை உண்ணாது விடுபவர் நலமுற்றவராகத் தோன்றலாம். அவருடைய மலத்தோடு நான்கு உட்கருக்கள் கொண்ட சிஸ்டுகள் வெளியேறி, மீண்டும் பிறர் அருந்தும் நீரை அடையும்.